‘உடனே’ என்று கேட்பவருக்கு ‘நாளை’ என்று சொல்லுங்கள்

2022 செப்டம்பர் 7, புதன்கிழமை மதியம். புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் தன்னை நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா என்று காட்டிக்கொண்டார். சில வங்கிக் கணக்குகளைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு உடனே பணம் அனுப்பும்படி கேட்டார். பணம் போனது. மறுநாள் மதியத்துக்குள் மொத்தம் 1 கோடியே 1 லட்சத்து 1 ஆயிரத்து 554 ரூபாய். பூனாவாலா அப்படி எந்தச் செய்தியும் அனுப்பவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. பண்ட் கார்டன் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது.

செய்தி வெளிவந்தபோது என் அலுவலகக் கேன்டீனில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “உலகத்துக்கே தடுப்பூசி அனுப்புகிற கம்பெனியில் இப்படியுமா ஏமாறுவார்கள்?” எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஏமாறுகிறவர் முட்டாள், நான் முட்டாள் இல்லை, ஆகவே எனக்கு இது நடக்காது என்று நினைக்க வைக்கிற கேள்வி அது. அந்த நினைப்பில் இருப்பவர்தான் அடுத்த ஆள்.

1966இல் சார்ல்ஸ் ஹோஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த 22 செவிலியர்களுக்குத் தனித்தனியே தொலைபேசி வந்தது. பேசியவர் தன்னை டாக்டர் என்றார். செவிலியர் அதற்குமுன் அவர் குரலைக் கேட்டதில்லை. ஒரு நோயாளிக்கு ‘அஸ்ட்ரோடென்’ என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். புட்டியின் மேலேயே அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. தொலைபேசி உத்தரவில் மருந்து கொடுக்கக்கூடாது என்பது விதி. 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் அறையை நோக்கி நடந்தார்கள். புட்டியில் இருந்தது தீங்கில்லாத மாத்திரை. வழியிலேயே அவர்களை நிறுத்தியும் விட்டார்கள். ஆனால் இதே சூழ்நிலையை எழுத்தில் விவரித்து “நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று வேறு செவிலியர்களைக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

சீரம் சம்பவமும் அந்த இரவுப் பணியும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் மோசமான ஊழியர்கள் யாரும் இல்லை. மேலிடம் சொன்னதைத் தாமதிக்காமல் செய்வது நல்ல ஊழியரின் குணம். அந்தக் குணத்தின் மேல்தான் கையை வைத்தார்கள்.

நம் நல்ல குணங்களே கைப்பிடி

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1984இல் ‘இன்ஃப்ளுயன்ஸ்’ என்ற நூலை எழுதினார். மனிதரை இணங்கவைக்கும் ஆறு வழிகளை அதில் வகுத்துக் காட்டினார்: வாங்கியதற்குத் திருப்பித் தருவது, சொன்ன சொல்லில் நிற்பது, நாலு பேர் செய்வதைச் செய்வது, பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது, பிடித்தவருக்கு இணங்குவது, கிடைக்காமல் போய்விடுமோ என்று பதறுவது. இந்தப் பட்டியலைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு திடுக்கிடல் வரவேண்டும். முதல் ஐந்தும் நம் வீட்டில் நம்மை வளர்த்த விதம். செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். வாக்குத் தவறாதே, ஊரோடு ஒத்து வாழ், பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவற்றை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இவை இல்லாத அலுவலகம் நரகம். யாராவது இவற்றைப் பிடித்து நம்மை இழுக்கும்போது அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணி இருக்கும். புனேயின் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவன் கூப்பிட்டான். ஆபீஸ் பாத்ரூமுக்குள் நின்று பேசுகிறான் என்பது எதிரொலியிலேயே தெரிந்தது.

“அண்ணே, ஒரு ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள ரிசைன் பண்ணணுமாம்.”

“பண்ணாட்டி?”

“டெர்மினேட் பண்ணிருவாங்களாம். அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல அடிபட்டுருமாம். எங்க டீம்ல மூணு பேரு ஏற்கனவே போட்டுட்டாங்களாம். ஆனா அந்த ஹெச்ஆர் மேடம் நல்லாத்தாம்ணே பேசுறாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க. நான் உனக்கு தீதி மாதிரி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னாங்க.”

அவன் மூச்சு விடாமல் சொன்னதில் சியால்டினியின் பட்டியல் பாதிக்கு மேல் இருந்தது. டீ, அக்கா உறவு, ஏற்கனவே போட்ட மூன்று பேர், ஐந்து மணிக் கெடு. இதில் முதுகெலும்பு அந்தக் கெடுதான். மற்ற மூன்றும் அதைச் சுற்றிக் கட்டிய சதை. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு என்ன மாறிவிடும்? எதுவும் மாறாது. வெள்ளிக்கிழமை மாலையில் கையெழுத்து வாங்கினால், அவன் ஒரு வக்கீலையோ அப்பாவையோ கேட்பதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும். கெடு வைத்ததன் காரணம் அதுதான்.

நான் சொன்னது ஒரே வாக்கியம்: “நீங்க சொல்றத மெயில்ல அனுப்புங்க, திங்கக்கிழமை பதில் சொல்றேன்னு மட்டும் சொல்லு. விளக்கம் எதுவும் குடுக்காத.” அவன் அதை ஐந்தாறு முறை சொல்ல வேண்டியிருந்ததாம். மெயில் வரவில்லை. ஐந்து மணி கடந்தது. அன்றிரவே, யார், எந்த அறையில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்பதைத் தன் சொந்த மெயிலிலிருந்து நிர்வாகத்துக்கு எழுதி அனுப்பினான். வேலை தங்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நோட்டீஸ் காலச் சம்பளம் முழுதாக வந்தது, ரிலீவிங் லெட்டரும் வந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை அவனுடைய வாகட் ஃபிளாட்டின் வாடகையைக் கட்டியது அந்தப் பணம்தான்.

எழுதி வைப்பதற்குச் சட்டத்தில் பலன் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் தன் மேலாதிக்க நிலையைக் கொண்டு மற்றவரின் மனத்தை வளைத்து நியாயமற்ற ஆதாயம் பெறுவதை 16ஆம் பிரிவில் வரையறுக்கிறது. அப்படிப் பெற்ற சம்மதத்தால் உண்டான ஒப்பந்தத்தை, பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யக் கோரலாம். ஆனால் நிரூபிக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். அன்றிரவு எழுதிய மெயில், ஆறு மாதம் கழித்துச் சொல்லும் கதையைவிடப் பல மடங்கு வலுவானது. புனேயில் இயங்கும் நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு கட்டாய ராஜினாமாப் புகார்களை அரசிடம் எடுத்துச் செல்கிறது. அந்த வாசலும் இருக்கிறது.

வேலையில் சேரும்போது எழுதி வாங்கும் பாண்டு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. “பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, சும்மா கையெழுத்துப் போடு” என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சேரும் நாளில் நீட்டப்படும் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

சின்னதாகத்தான் தொடங்கும்

மேலிருந்து வரும் மிரட்டலை அடையாளம் காண்பது ஒப்பிடும்போது எளிது. சின்னச் சின்னதாய் வருவதுதான் கஷ்டம். 1966இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் வீட்டுக்காரர்களிடம், “கவனமாக ஓட்டுங்கள்” என்ற பெரிய, அழகற்ற பலகையை உங்கள் முற்றத்தில் நடலாமா என்று கேட்க வைத்தார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேரே சரி என்றார்கள். இரண்டு வாரம் முன்பு அதே கருத்துள்ள சின்னத் துண்டுப் பலகையை ஜன்னலில் வைக்கச் சம்மதித்திருந்தவர்களில் 76 சதவீதம் பேர் சரி என்றார்கள். முதல் ‘சரி’ அவர்களைத் ‘தாங்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று நம்ப வைத்துவிட்டது.

புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீசாரிடம் குவியும் ‘டாஸ்க்’ மோசடிப் புகார்கள் எல்லாம் இந்தப் பாதையில்தான் போகின்றன. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் சில நூறு ரூபாய். அது உண்மையாகவே கணக்கில் விழும். பிறகு ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் விழும். டெலிகிராம் குழுவில் மற்றவர்கள் லட்சம் வாங்கிய ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்களின் ஆட்களே. பிறகு லட்சங்கள் உள்ளே போகும், வெளியே வராது. பலியானவர்களில் நன்றாகச் சம்பாதிக்கும் ஐடி பொறியாளர்கள் பலர். இதில் சிக்கினால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அதுவே வழி.

ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி போதும்: முதல் நாளே முழுவதையும் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா? மாட்டேன் என்றால், இதுவரை போனது போகட்டும் என்று அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

எல்லா இணங்கவைத்தலும் சூழ்ச்சி கிடையாது. புனேயின் துளசி பாக் சந்தையில் புடவைக் கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்து, “பஹிலி போனி, தாயி” (முதல் போனி, அக்கா) என்று என் மனைவியைச் சிரிக்க வைக்கும்போது, அவர் விற்கப் பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்: அவர் என்ன செய்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகும் அது பலிக்குமா? “உங்களை யோசிக்க விடாமல் இருக்கத்தான் ஐந்து மணிக் கெடு வைத்தேன்” என்று அந்த ஹெச்ஆர் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் மேனேஜராக இருந்தால் உங்கள் பேச்சையும் இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். காரணத்தை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச்சொல்லும்போது, வாடிக்கையாளர் உண்மையில் என்ன கேட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

தனியாக நிற்பது கடினம் என்பதும் உண்மை. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், சுற்றியிருந்தோர் அனைவரும் வேண்டுமென்றே தவறான பதில் சொன்னபோது, தனியாக இருந்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அந்தத் தவறுக்கே இணங்கினார். குழுவில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அந்த இணக்கம் பெருமளவு சரிந்தது. திருநெல்வேலித் தம்பிக்கு அன்று உதவியது என் அறிவு இல்லை. பாத்ரூமிலிருந்து கூப்பிட அவனுக்கு ஓர் எண் இருந்தது.

நாளை மதியம் சாப்பிடப் போகும்போது உங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவரைக் கேளுங்கள்: “முதலாளி பெயரில் வாட்ஸ்அப்பில் அவசரமாகப் பணம் கேட்டால், சரிபார்க்க யாருக்குப் போன் போடுவீர்கள்?” அவர் யோசித்தால், முதலாளியின் சரியான எண்ணை அன்றே ஒரு தாளில் எழுதி அவர் மானிட்டரில் ஒட்டுங்கள். அந்த எண்ணுக்குப் பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம் என்று முதலாளியையே அவரிடம் சொல்ல வையுங்கள்.