பழம்புடவைக் கரையும் வீட்டு அலங்காரமும்

வீட்டை அலங்கரிப்பதென்றால் பணம் செலவிடுவதென்றே அநேகர் கருதுகின்றனர். பண்டிகை நெருங்கியதும் சந்தையில் பகட்டான திரையொன்றைக் கடனுக்கு வாங்குவதும், முதல் வெளுப்பிலேயே அதன் சாயம் போய்விடுவதும், கடன் மாத்திரம் எஞ்சி நிற்பதும் பல குடும்பங்களுக்குப் பழகிய சங்கதிகள். அதே வீட்டின் பெட்டியில், உடுத்தத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட பருத்திப் புடவைகள் மடிந்து கிடக்கும். வாசல் திரைக்கும் தோரணத்துக்கும் வேண்டிய துணி அங்கேதான் இருக்கிறது.

புடவை எங்கும் ஒரே விதமாய் நைவதில்லை. உட்காரும்போது அழுந்தும் இடமும், முழங்கால் படும் இடமும் முதலில் மெலிகின்றன. கீழ்க்கரை தரையில் உராய்ந்து பிரிகிறது. இடுப்பில் செருகப்படும் மேற்கரையும் உட்சுற்றும் பெரும்பாலும் கெடுவதில்லை. துணியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெலிந்த இடங்கள் தெரிந்துவிடும். சந்தேகமுள்ள இடத்தை இரு பெருவிரல்களாலும் இழுத்துப் பார்க்கலாம். அங்கே கிழியாத துணி தையலையும் தாங்கும்.

மறைந்த தாயாரின் புடவையாயின் அதை வெட்ட மனம் ஒப்பாதிருப்பது இயல்பே. வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் பெறாமல் அதில் கத்தரிக்கோலை வைத்தல் கூடாது. ஆயினும் கஞ்சியிட்டபடியே பெட்டியில் அடைத்த புடவையை ராமபாணப் பூச்சி தின்றுவிடும். நாள்தோறும் கண்ணில் படும் திரையாக அது வாசலில் தொங்குவது, பூச்சிக்கு இரையாவதை விட மேலானதன்றோ!

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டுவன இரண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் கரையை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெள்ளையில் சாயம் ஏறினால் அக்கரையை வெளிர்நிறத் துணியோடு சேர்த்தல் தகாது. பழந்துணியோடு புதுத்துணியைச் சேர்ப்பதாயின், புதுத்துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பழம்புடவை முன்னமே சுருங்கி முடிந்தது. புதுத்துணி இனிமேல்தான் சுருங்கும். ஊறவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் புதுப்பகுதி இழுத்துக்கொண்டு திரை முழுவதும் சுருக்கம் விழும். அவசரக்காரர் இழப்பதெல்லாம் இவ்விடத்தில்தான்.

வாசல் 3 அடி அகலமும் 6 அடி உயரமும் உடையதென்று கொள்வோம். புடவையின் நீளவாட்டில் 2 கெஜம் 4 அங்குலம், அதாவது 76 அங்குலம், வெட்டவேண்டும். பெருக்குவதற்கு வசதியாகத் தரைக்கு மேல் 3 அங்குலம் விடுவதால் திரையின் உயரம் 69 அங்குலம். மேலே மூங்கிற்கழி நுழைய 3 அங்குலமும், கீழ்மடிப்புக்கு 3 அங்குலமும், இரு முனைகளிலும் பிசிரை உள்ளே மடிக்க அரை அரை அங்குலமும் சேர்ந்து கணக்குச் சரியாகும். புடவையின் அகலம் சுமார் 45 அங்குலமாதலால், 36 அங்குல வாசலில் இலேசான கொசுவத்தோடு திரை தொங்கும். இரு கரைகளும் பக்கங்களில் நேராய் இறங்குவதால் வேறு அலங்காரம் வேண்டியதில்லை. பக்கங்களில் தையலும் வேண்டியதில்லை.

தோரணத்துக்குச் சிறு துண்டுகளே போதும். 6 அங்குலச் சதுரங்கள் ஏழு வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலையாக மடித்து, மீண்டும் ஒரு முறை பாதியாக மடித்தால் முக்கோணம் கிடைக்கும். பிசிர் முழுவதும் அதன் அடிப்பக்கத்தில் சேர்ந்திருக்கும். 37 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள கரைத் துண்டை நல்ல பக்கம் மேலாக விரித்து, அதன் ஓரத்தோடு பிசிர் பொருந்தவும், முனைகள் துண்டின் உட்புறம் நோக்கவும், முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்று 1 அங்குலம் ஏறுமாறு வரிசையாய் வைக்கவேண்டும். அவற்றின்மேல் அதே அளவு வேட்டித் துண்டொன்றை வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தைத்துத் திருப்பினால், முக்கோணங்கள் ஒன்றையொன்று தொட்டபடி கீழ்நோக்கித் தொங்கும். மற்ற மூன்று ஓரங்களையும் உள்ளே மடித்து, மேலே நாடா வைத்துத் தைத்துவிடலாம். தஞ்சை, கும்பகோணம் பகுதிகளில் தேர்களை அலங்கரிக்கும் தொம்பைகளும் துணியின்மேல் துணி வைத்துத் தைத்த வேலையே. அதன் சிறுபிள்ளை இத்தோரணம் என்று சொல்லலாம்.

தலையணை உறைக்குப் பொத்தான் வேண்டாம். 24-க்கு 16 அங்குலத் தலையணையாயின், முன்பக்கத்துக்கு 25-க்கு 17 அங்குலத் துண்டு ஒன்றும், பின்பக்கத்துக்கு பதினைந்தரைக்கு 17 அங்குலத் துண்டுகள் இரண்டும் வேண்டும். பின்துண்டுகளின் உள்ளோரத்தை மடித்துத் தைத்து, நடுவில் 4 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டுச் சுற்றிலும் தைத்தால், தலையணை தானே அடங்கும்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் கோத்தால் முடிச்சு விழும். இழு விசை படும் இடங்களில் வெறும் ஓட்டுத்தையல் போதாது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி எடுத்தல் வேண்டும்.

நல்ல கத்தரிக்கோல் ஒவ்வொரு வீட்டிலும் இராது. சங்கத்தின் பொதுச் செலவில் ஒன்று வாங்கி, முறைவைத்துக் கொடுத்து வாங்கலாம். நூலையும் மொத்தமாய் வாங்கிப் பங்கிடலாம். கத்தரிக்கோலைக் கொண்டுசெல்பவர் பெயர் ஏட்டில் ஏறட்டும். அதனால் எவரும் காகிதம் வெட்டலாகாது. வெட்டினால் முனை மழுங்கி, அடுத்தவர் துணியைக் கடித்துக் குதறிவிடும்.