வட்டும் வழங்கியும்

ஒரு கணினிக்குள்ளே மற்றொரு கணினியை இயக்குதல் இக்காலத்து எளிய செயலாகிவிட்டது. உள்ளே இயங்கும் அக்கணினிக்குத் தனியே ஒரு பெட்டியும் இல்லை. தனக்கென ஒரு வட்டும் இல்லை. ஆயினும், தனக்குச் செயலியும் நினைவகமும் வட்டும் உண்டு என்றே கொண்டு அஃது இயங்குகின்றது. இதனை மெய்நிகர் கணினி என்பர். மெய்யன்று என்பதனையும், மெய்யினின்று வேறுபாடு தோன்றாது என்பதனையும் ஒருங்கே உணர்த்தலின், 'மெய்நிகர்' என்பது நல்ல சொல்லாட்சியே ஆகும். அதனைத் தன்னகத்தே தாங்கி நிற்கும் உண்மைக் கணினியை ஈண்டுத் தாய்க்கணினி என வழங்குவோம்.

மெய்நிகர் கணினியின் வட்டு யாது? தாய்க்கணினியில் உள்ள ஒரு பெருங்கோப்பே அது. உள்ளிருக்கும் கணினி தன் வட்டில் ஒரு செய்தியை எழுதுவதாகக் கருதும்போதெல்லாம், தாய்க்கணினி அச்செய்தியை அக்கோப்பில் உரிய இடத்தில் எழுதி வைக்கின்றது. வட்டு எதுவாயினும் அதன் இடம் முழுவதும் சமமான சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் 512 பைட்டுகள் அடங்குதல் பழைய வழக்கு. 4096 பைட்டுகள் அடங்குவனவும் உள. வட்டுக்குத் தெரிந்தவை கட்ட எண்களே. எந்தக் கட்டத்தில் எந்த நூல் உள்ளது, அந்நூலின் பெயர் யாது, அதற்குரியவர் யார் என்பவற்றை அது சிறிதும் அறியாது. அவற்றை அறிந்து கணக்கு வைப்பது கோப்புமுறைமை எனப்படும் பகுதி. அது மெய்நிகர் கணினிக்குள்ளே இருக்கின்றது. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் இடர்கள் யாவும் இதனின்றே தோன்றுவன.

இனி, அவ்வட்டை மற்றொரு நிரல் பார்க்க வேண்டிய தேவை அடிக்கடி நேரும். நாள்தோறும் படியெடுத்துக் காக்கும் நிரலுக்கு அது வேண்டும். நச்சு நிரல்களைத் தேடிக் களையும் நிரலுக்கும் வேண்டும். மெய்நிகர் கணினி தொடங்காமலே நின்றுவிட்டால், அதனுள் உள்ளவற்றை மீட்க முயல்வார்க்கும் வேண்டும். கோப்பு ஒன்றுதானே, அதனை நேரே திறந்து படித்தால் என்ன என்று மாணவர் வினவலாம். அக்கோப்பு பெரும்பாலும் நேரே படிக்கத்தக்க நிலையில் இராது. சான்றாக, கியூகவ்-2 என்னும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வடிவத்தில் 100 ஜிபி வட்டு என்று கூறப்படுவது, எழுதப்பட்ட பகுதிக்குரிய இடத்தையே பிடிக்கும். எழுத எழுத வளரும். ஆதலின், மெய்நிகர் கணினி எண்ணும் வரிசை ஒன்று, கோப்பினுள் கிடக்கும் வரிசை மற்றொன்று. இரண்டையும் பொருத்திக் காட்டும் அட்டவணைகளும் அக்கோப்பினுள்ளேயே உள்ளன. இவ்வாறு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வடிவம் வகுத்துள்ளது. படிக்க விரும்பும் நிரல் ஒவ்வொன்றும் இவ்வடிவங்கள் அனைத்தையும் கற்றிருத்தல் இயலாது. அதனால், வடிவம் அறிந்த ஒரு நிரல் இடையே நின்று, கேட்ட கட்டத்தை எடுத்து நீட்டும் முறை வேண்டியதாயிற்று. அவ்வாறு நீட்டும் நிரலை வழங்கி என்பர்.

வட்டைப் பகிர்தல் புதிதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நிலையம் ஒன்று இருந்தது. ராபர்ட் கிரீசி என்பவரும் அவருடன் உழைத்தோரும் அங்கே சி.பி.-40 என்னும் அமைப்பை உருவாக்கினர். 1967ஆம் ஆண்டு சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே பொறியில் 14 மெய்நிகர் கணினிகள் வரை ஒருங்கே இயங்கின. அம்மரபிலேயே 1972ஆம் ஆண்டில் வி.எம்./370 வெளியாயிற்று. பெரிய வட்டொன்றைப் பகுத்து, பயனர் ஒவ்வொருவர்க்கும் சிறு பங்கு அளிப்பர். அப்பங்கிற்குக் குறுவட்டு என்று பெயர். ஒருவர் குறுவட்டை மற்றொருவர் தம் கணினியில் இணைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. அதற்கு மூவகைக் கடவுச்சொற்கள் வகுத்தனர்: படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, பலரும் எழுதுவதற்கு ஒன்று. எழுதும் உரிமை கேட்பவரிடம், வேறொருவர் அவ்வட்டை இணைத்திருந்தால், இல்லை என்று மறுக்கும் முறையும் அதில் அமைந்திருந்தது. கணினிகள் அரியனவாயிருந்த அந்நாளிலேயே இத்துணை முன்னறிவோடு ஒழுங்கு செய்தமை வியத்தற்குரியது. பின்வந்தோர் இதனைச் சிறிது மறந்தனர் என்றே கருத வேண்டியுள்ளது.

வலையமைப்பின் வழியே வட்டை நீட்டும் முறைகளுள் எளியது ஒன்றை இனிக் காண்போம். செக் நாட்டினரான பாவெல் மாகெக் என்பவர் 1997ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்க அமைப்புக்காக இதனை எழுதினார். இதன் பெயர் என்.பி.டி. என்பது, வலைவழிக் கட்டச் சாதனம் என்று பொருள்படும். கேட்கும் நிரல் வழங்கிக்கு ஒரு சிறு விண்ணப்பம் விடுக்கின்றது. அதன் தலைப்பகுதி 28 பைட்டுகளே கொண்டது. இன்ன வகை விண்ணப்பம் என்று காட்டும் அடையாள எண், படிக்கவா எழுதவா என்னும் கட்டளை, விண்ணப்பத்திற்குரிய வரிசைக் குறி, வட்டில் தொடங்கும் இடம், வேண்டும் அளவு ஆகியவை அதனுள் அடங்கும். வழங்கியின் விடையும் 16 பைட்டுத் தலைப்புடன் வரும். விண்ணப்பத்திற் கண்ட அதே வரிசைக் குறி விடையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இதனால் பல விண்ணப்பங்களை ஒருங்கே விடுக்கலாம். விடைகள் முன்பின்னாக வந்தாலும் குழப்பம் நேராது. அலுவலகங்களில் விடை மடலின் தலைப்பில் பார்வை எண் குறிப்பதை ஒத்தது இது.

2003ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பபிரிஸ் பெல்லார் வெளியிட்ட கியூஎமு என்னும் மெய்நிகர் கணினி நிரலுடன், 2008ஆம் ஆண்டில் இத்தகைய வழங்கி ஒன்றும் சேர்ந்தது. கியூகவ்-2 முதலிய வடிவங்களை அதுவே பிரித்தறிந்து, வெறுங்கட்டங்களாகக் கேட்போர்க்கு நீட்டும். கேட்கும் கணினிக்கோ, தன்னிடம் புதிய வட்டொன்று இணைக்கப்பட்டதாகவே தோன்றும்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். 2014ஆம் ஆண்டில் யான் ஒரு நூலகத்தில் ஏட்டுச்சுவடிகளின் விளக்கப் பட்டியலைத் தொகுக்கும் பணியில் துணைபுரிந்து வந்தேன். பட்டியல் ஒரு மெய்நிகர் கணினியில் இருந்தது. சொல்லடைவு ஆக்கும் நிரல் வேறொரு கணினியில் இருந்தது. இளைஞர் ஒருவர், பட்டியற் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதன் வட்டை வலையமைப்பின் வழியே அடைவுக் கணினிக்கு நீட்டினார். அவர் எழுத எண்ணியவரல்லர், படிக்கவே எண்ணினார். படித்தற்கு மட்டும் என்று சொல்லியே கேட்கும் கணினியில் வட்டைத் திறக்கவும் செய்தார். மறுநாட் காலையில் பட்டியற் கணினி தடுமாறிற்று. சில கோப்புகளின் பெயர் இருந்தது, பொருள் இல்லை. சிலவற்றுள் வேறு கோப்பின் வரிகள் கிடந்தன. 11 நாட்களுக்கு முன்னர் எடுத்த படி ஒன்றே எஞ்சியது. சுவடிகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து, நொறுங்கும் ஓலைகளை மறுபடியும் கையாண்டு, அந்த 11 நாள் உழைப்பையும் திரும்பச் செய்தோம். மீண்டும் எழுதிய வருத்தத்தினும், ஓலைகளுக்கு மறுமுறை தந்த துன்பமே என் நெஞ்சை உறுத்திற்று.

படிக்க எண்ணியவர் கையால் வட்டு எங்ஙனம் சிதைந்தது? கோப்புமுறைமைகள் பல, ஜர்னல் எனப்படும் முற்குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கும். ஒரு மாற்றத்தை உரிய இடத்தில் எழுதுமுன் இக்குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். இடையில் மின்தடை நேர்ந்தால், மறுபடியும் திறக்கும்போது குறிப்பேட்டைப் பார்த்து, முற்றுப்பெறாதவற்றை முடிக்கும். லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்-4 என்னும் கோப்புமுறைமை, படித்தற்கு மட்டும் என்று திறந்தாலும், குறிப்பேட்டில் எஞ்சியவை இருப்பின், முதற்கண் அவற்றை வட்டில் எழுதி முடித்த பின்னரே கோப்புகளைக் காட்டும். இயங்கும் கணினியின் வட்டில் எஞ்சியவை எப்போதும் இருக்கும் அன்றோ? அடைவுக் கணினி அதனை மின்தடையால் நின்ற வட்டு என்று கருதி, நல்லெண்ணத்தோடு திருத்தத் தொடங்கிற்று. அதே வேளையில் பட்டியற் கணினியோ, தன் நினைவகத்தில் வைத்திருந்த கணக்கையே மெய்யென நம்பி எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு பேரேட்டை இரு கணக்கர் தனித்தனி அறையிலிருந்து, ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதுவதாகக் கொள்க. 400ஆம் பக்கம் வெறும் பக்கம் என்று இருவரும் முன்னரே குறித்துக்கொண்டனர். ஒருவர் அதில் நெல் வரவை எழுதுகின்றார். மற்றவர் அதே பக்கத்தில் ஊதியச் செலவை எழுதுகின்றார். பின்னர் எழுதியது நிற்கும். முன்னர் எழுதியது மறையும். பேரேடோ யாதொன்றும் சொல்லாது. வழங்கியும் அத்தகையதே, கட்ட எண்ணைக் கேட்டால் கொடுக்கும், எழுதச் சொன்னால் எழுதும்.

கோப்புகளைப் பெயராற் பகிரும் முறை வேறு. 1984ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வகுத்த என்.எப்.எஸ். அவ்வகையினது. அங்கே வழங்கியே கணக்கராக இருந்து, வெற்றிடம் எது என்பதைத் தானே முடிவு செய்யும். ஆதலின் பலரும் எழுதலாம். கட்டங்களையே பகிர்ந்தும் பலர் எழுத வேண்டுமாயின், ஜி.எப்.எஸ்.-2, ஓ.சி.எப்.எஸ்.-2 போன்ற தனிக் கோப்புமுறைமைகள் உள. அவை வலையமைப்பின் வழியே ஒன்றையொன்று கலந்து, பூட்டுப் போட்டு எழுதும். எக்ஸ்ட்-4 போன்றவை ஒரு கணினிக்கென்றே அமைந்தவை.

அன்றைய பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னர் ஆராய்ந்து கண்டோம். படித்தற்கு மட்டும் என்னும் வரம்பைக் கேட்கும் பக்கத்தில் இட்டாரேயன்றி, வழங்கும் பக்கத்தில் இடவில்லை. வழங்கியிலேயே அவ்வரம்பை இட்டிருந்தால், இஃது எழுதலாகாத வட்டு என்று அது முதலிலேயே அறிவித்திருக்கும். அப்போது எக்ஸ்ட்-4, குறிப்பேட்டை முடிக்க இயலாமையால் திறக்க மறுத்து நின்றிருக்கும். குறிப்பேட்டைப் பாராமல் திற என்று வெளிப்படையாகக் கட்டளையிட்டாலன்றித் திறவாது. அவ்வாறு திறந்தாலும் காணப்படுவது அரைகுறைக் காட்சியே ஆகும். எனினும் மூலத்திற்கு ஊறு இல்லை. கியூஎமுவைச் செய்தோர் 2017ஆம் ஆண்டில் மேலும் ஒரு காவலைச் சேர்த்தனர். ஒரு வட்டுக்கோப்பை எழுதும் உரிமையோடு ஒரு நிரல் திறந்திருக்கும்போது, மற்றொரு நிரல் திறக்க முயன்றால், அக்கோப்பின்மீதுள்ள பூட்டைக் கண்டு மறுத்துவிடும். அன்று அக்காவல் இருந்திருப்பின் எங்கள் ஓலைகள் மறுமுறை பிரிக்கப்பட்டிரா.

இயங்கும் கணினியை நிறுத்தாமலே நல்ல காட்சியைப் பெறவும் வழியுண்டு. இதில் மெய்நிகர் கணினியை நடத்தும் நிரலே வழங்கியாகவும் அமைகின்றது. முதலில், உள்ளிருக்கும் கணினிக்குச் சொல்லி, நினைவகத்தில் தேங்கியவற்றை வட்டில் எழுதச் செய்து, சிறிது பொழுது எழுதுதலை நிறுத்தி வைக்கின்றனர். அந்நொடியின் நிலையே காட்டப்பட வேண்டிய நிலை என்று குறித்த பின், எழுதுதலை மீண்டும் விடுகின்றனர். அதன் பிறகு ஒரு கட்டத்தின்மேல் புதியது எழுத நேரும்போது, பழையதை எடுத்து ஒரு தற்காலிகக் கோப்பில் ஒதுக்கிவிட்டே எழுதுகின்றது. வெளியே இருந்து கேட்கும் நிரலுக்கு, மாறிய கட்டமாயின் ஒதுக்கி வைத்ததையும், மாறாத கட்டமாயின் மூலத்தையும் கொடுக்கின்றது. உள்ளே பணி நடந்துகொண்டே இருக்கும். வெளியே அந்த ஒரு நொடியின் தோற்றம் கலையாமல் நிற்கும். படியெடுத்து முடிந்தவுடன் தற்காலிகக் கோப்பு நீக்கப்படும்.

மறுநாளும் முழு வட்டையும் படியெடுக்க வேண்டுவதில்லை. எவ்விடம் மாறியது என்பதற்கு ஒரு குறிவரைபடம் வைக்கின்றனர். 64 கேபி பரப்பிற்கு ஒரு பிட்டு என்று கொண்டால், 100 ஜிபி வட்டுக்கு 16,38,400 பிட்டுகள் வேண்டும். அஃதாவது 200 கேபி. இச்சிறு வரைபடத்தையும் வழங்கி கேட்போர்க்குக் காட்டும். அவர் மாறிய பரப்புகளை மட்டும் கேட்டுப் பெறுவர்.

காவல் பற்றியும் ஒரு சொல். என்.பி.டி.க்குரிய வாயில் எண் 10809. அதன் தொடக்க வடிவில் கடவுச்சொல்லும் இல்லை, மறையாக்கமும் இல்லை. வாயிலை அடைந்தவர் எவராயினும் வட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டுப் பெறலாம். கோப்புக்குக் கோப்பு உரிமை பார்க்கும் காவலர் உள்ளிருக்கும் கணினியின் இயக்க அமைப்பே அன்றோ? கட்டத்தைக் கேட்பவர் அக்காவலரைக் காணாமலே பின்புறமாக நுழைகின்றார். ஒரே கணினிக்குள் பகிர்வதாயின், வலையமைப்பைத் தொடாத உள்வாயிலைப் பயன்படுத்தலாம். வெளியே நீட்டுவதாயின், டி.எல்.எஸ். என்னும் மறையாக்க முறை வேண்டும். கியூஎமுவில் 2016ஆம் ஆண்டு முதல் அது கிடைக்கின்றது. கேட்பவர் தம் சான்றிதழைக் காட்டிய பின்னரே வழங்கி வட்டின் பெயரையும் சொல்லும்படி அமைக்கலாம்.

எங்கள் சுவடிப் பட்டியலின் வட்டு, இப்போது இரவுதோறும் இம்முறையிலேயே மற்றொரு கட்டடத்திலுள்ள கணினிக்குப் படியெடுக்கப்படுகின்றது. சொல்லடைவு நிரலும் அப்படியையே படிக்கின்றது; இயங்கும் வட்டை அது தொடுவதில்லை.