துப்பாக்கி சுடுதலில் எலும்பும் மூட்டும்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் கண்ணுக்கும் விரலுக்கும் மட்டுமே வேலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ரைபிளைத் தாங்குவது நம் எலும்புக்கூடே. தசை விரைவில் களைத்து நடுங்கும், எலும்பு நடுங்காது. ஆகவே பாரத்தை எலும்பின்மேல் நிறுத்துவதே இக்கலையின் முதற்பாடம். அவ்வெலும்புகளையும் மூட்டுகளையும் காப்பது எவ்வாறு?

1. முதுகு: 10 மீட்டர் ஏர் ரைபிள் 5.5 கிலோ வரை எடை இருக்கலாம். நின்று சுடுபவர் இடுப்பை முன்தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைப் பின்புறம் வளைக்கிறார். போட்டியில் 60 முறை இப்படிச் சுட வேண்டும். பாரம் முதுகெலும்பின் ஒரே பக்கத்தில் விழுவதால் கீழ்முதுகு வலிக்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் ரைபிளைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். வயிறு, முதுகுத் தசைகளுக்கான உடற்பயிற்சி இன்றியமையாதது.

2. தோள்: குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. என்.சி.சி. மாணவியர் சுடும் .22 ரைபிளில் உதைப்பு மிகக் குறைவு. வேட்டைக்குரிய 12 போர் துப்பாக்கியில் மிக அதிகம். அடிக்கட்டையைக் காறை எலும்பின்மேலோ புயத்தின்மேலோ வைக்கலாகாது. தோளின் உட்குழியில் இடைவெளியின்றி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் உதைப்பு மிக மிகக் குறைவு. ஆனால் ஒரே கையை நீட்டி 60 முறை சுடுவதால் தோள் மூட்டு களைக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற போட்டி இதுவே.

3. முழங்காலும் கணுக்காலும்: மண்டியிட்டுச் சுடும்போது உடல் பாரம் குதிகாலின்மேல் இறங்குகிறது. பாதத்தின் வளைவுக்கு அடியில் உருளை வடிவத் திண்டு வைத்தால் கணுக்கால் தப்பும். கால் மரத்துப்போகும்வரை அமர்ந்திராமல், இடையிடையே எழுந்து காலை நீட்டுதல் நலம்.

அன்பு மாணவிகளே! வளரும் பருவத்தில் எலும்பு முனைகளில் மென்மையான குருத்தெலும்பு உண்டு. அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி வலியை மறைக்காதீர்கள். இரண்டொரு நாளில் தீராத வலியை ஆசிரியையிடமும் பெற்றோரிடமும் சொல்லி, மருத்துவரை அணுகுங்கள். பெற்றோரும் அதைச் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம்.

பாலும் கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்து தரும். வெயில் வைட்டமின் டி தரும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். பதக்கம் அடுத்த ஆண்டும் கிடைக்கும், முதுகெலும்போ ஒன்றுதான்!