தாத்தாவின் அஞ்சல்தலைத் தொகுப்பு

தாத்தா மறைந்தபின் வந்த முதல் பள்ளி விடுமுறை அது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவருடைய அஞ்சல்தலைத் தொகுப்பு மூடியே கிடந்தது. ஒருநாள் அதைத் திறந்தேன். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

“நாம் இதை நிரப்பலாமா, பாட்டி?” என்றேன். பாட்டி தலையசைத்தார்.

மறுநாள் இருவரும் கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் இரயிலில் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். சன்னலோரம் அமர்ந்த பாட்டி மெல்லப் பேசத் தொடங்கினார்.

“1886இல் இந்தப் பாதை புக்கிட் கூடா வரைதான் இருந்தது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் அமைந்த பிறகே இரயில் கிள்ளானை எட்டியது. உன் தாத்தா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார்!” என்று கூறிச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

கிள்ளான் அஞ்சலகத்தில் புதிய அஞ்சல்தலைகளை வாங்கினோம். அன்றிரவு முதல் அஞ்சல்தலையைப் பாட்டியே தொகுப்பில் வைத்தார். துயரம் நீங்கிவிடவில்லை, ஆனால், தாத்தாவைப் பற்றி எங்களால் மீண்டும் பேச முடிந்தது.