திரை வெளிச்சமும் நிர்வாகி உரிமையும்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, ஓபன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளரை மட்டும் வைத்திருப்போர் விரைவில் ஒரு குறையை உணர்வர். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் பெரும்பாலும் இயங்குவதில்லை. க்னோம், கேடிஇ போன்ற முழுமையான மேசைச்சூழல்கள் இப்பணியைத் தாமே கவனித்துக்கொள்கின்றன. இங்கே நாமே சேர்க்க வேண்டும்.

லினக்ஸ் கர்னல் பின்னொளியைக் கோப்பு வடிவிலேயே காட்டுகிறது. 'சிஸ்' கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதனுள் 'பேக்லைட்'. அங்கே 'மேக்ஸ் பிரைட்னஸ்' என்னும் கோப்பில் உச்ச அளவு இருக்கும். அது 1,500 எனில், 'பிரைட்னஸ்' கோப்பில் 750 என எழுதினால் அளவு பாதியாகும்.

ஆனால் அக்கோப்பில் எழுதும் உரிமை இயல்பாக நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. இத்தடையைத் தாண்டச் சிலர், எல்லாக் கட்டளைகளுக்கும் நிர்வாகி கடவுச்சொல் கேட்பதையே நீக்கிவிடுகின்றனர். ரசீதில் முத்திரையிடும் எழுத்தரிடம் பெட்டக அறைச் சாவியை ஒப்படைப்பதற்கு இது நிகர். இணைய வங்கிச் சேவையையும் அதே கணினியில்தானே பயன்படுத்துகிறோம்!

'யூடெவ்' விதி ஒன்றின் மூலம் அந்த ஒரு கோப்பில் மட்டும் 'வீடியோ' குழுவுக்கு எழுதும் உரிமை அளித்து, நம் பயனர் கணக்கை அக்குழுவில் சேர்த்தால் போதும். பின்னர் 'பிரைட்னஸ்சிடிஎல்' என்னும் சிறு கருவியை நிறுவி, ஓபன்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் வெளிச்ச விசைகளுடன் இணைக்கலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 10 விழுக்காடு ஏற்ற இறக்கம் வசதியானது.

அளவு 0 வரை இறங்காதபடி குறைந்தபட்ச வரம்பையும் அமைத்துக்கொள்க. சில கணினிகளில் 0 என்றால் திரை முற்றிலும் இருண்டுவிடும்.