வெறுப்பூட்டும் நாயகனைத் தொடரலாமா?

கதைத் தலைவன் நல்லவனாக இருந்தால்தான் கதையைத் தொடர்ந்து படிக்க வேண்டுமா? சித்திரக்கதை வாசகர் பலருக்கும் எழும் வினா இது.

1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் 1962-இல் பிறந்தவன் அவன். ஆய்வுக்கூட உதவியாளனான அவன் விபத்தில் வலக்கையை இழக்கிறான். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறையும். அந்த ஆற்றலை முதலில் திருட்டுக்கும் அழிவுக்குமே பயன்படுத்துகிறான்.

அண்ணனின் சம்பளத்தில் படிக்கும் நான், திருவள்ளூர்ப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்நூலை வெறுத்துப் பாதியில் மூடினேன்.

"கை போனவன் கோபம் உனக்குத் தெரியுமாடா?" என்றார் அண்ணன். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அவருடன் வேலை பார்த்தவர் இயந்திரத்தில் விரல்களை இழந்தவர். மீண்டும் திறந்தேன். பின்வரும் கதைகளில் மாயாவி திருந்தி, நன்மைக்காகப் போராடும் உளவாளியாகிறான்.

1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தந்த ஸ்பைடரும் பின்னர் திருந்துகிறவனே. ஆயினும் குற்ற உலகின் மன்னனாக விரும்பிய அவனது ஆணவத்திற்கு, நான் படித்த கதைகளில் காரணம் காணவில்லை. இரவல் கிடைத்தால் படிப்பேன். காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

ஆகவே, 'இவன் நல்லவனா?' என்று கேட்பதைவிட, 'இவன் ஏன் இப்படி ஆனான் என்று கதை காட்டுகிறதா?' என்று கேட்பதே முறை. கோவலனை வெறுத்துப் புகார்க் காண்டத்தோடு சிலப்பதிகாரத்தை மூடினால், மதுரையில் நீதி கேட்ட கண்ணகியை நாம் காண்பது எங்ஙனம்?