சாம்பல் செய்யும் வேலையைப் புளி செய்யாது
(ஓட்டல் அடுப்படி டைல்ஸ் சுத்தம் செய்வது: ஒரு தொழில் பாடம்)



நம்ம மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கமோ மாட்டுத்தாவணி பக்கமோ நடுராத்திரியில் போனாலும் பரோட்டாக் கல் சூடாகத்தான் இருக்கும். சாப்பிடுகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பின்பக்கச் சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை யார் எடுப்பது? அந்த வேலை இப்போது நம் குழுப் பெண்களைத் தேடி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் முதல் வேலையிலேயே நாம் பட்ட அடியை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறோம்.

முதல் வேலையில் நடந்தது

ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த ஒரு மெஸ். புதிதாக எடுத்தவர், "ஒரே ராத்திரியில பளிச்சுன்னு ஆக்கிக் குடுத்துருங்கம்மா" என்று சொல்லி, லேபிள் இல்லாத ஆசிட் பாட்டில்களையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் கொடுத்தார். நம் குழுவிலிருந்து ஐந்து பேர் போனார்கள். ஒருவர் தரையில் பவுடரைத் தூவிக்கொண்டு வர, இன்னொருவர் சுவரில் ஆசிட்டை ஊற்றினார். ஆசிட் வழிந்து தரைக்கு வந்ததும் குப்பென்று ஒரு நெடி கிளம்பியது. பக்கத்தில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு மூச்சு அடைத்துக் கண் எரிந்தது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்து நலமாக வந்துவிட்டார். ஆனால் ஒரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

விடிந்து பார்த்தால் பிசுக்கு அப்படியே இருந்தது. டைல்ஸ் இடுக்கில் இருந்த வெள்ளை சிமென்ட்தான் அரித்துப் போயிருந்தது. உரிமையாளர் பாதிக் கூலிதான் கொடுத்தார்.

தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. வேலை பிடித்துக் கொடுத்தோம், கூலி பேசினோம், வேலையைச் சொல்லித் தரவில்லை. "கழுவுறதுதானே, பொம்பளைகளுக்குத் தெரியாததா" என்று நாங்களும் நினைத்துவிட்டோம். இதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில்தான் என்று அந்த ராத்திரிக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆசிட் ஏன் வேலைக்கு ஆகவில்லை?

நம் அம்மாச்சி காலத்தில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். மாற்றிச் செய்ய மாட்டார்கள். ஏன்?

புளியில் இருப்பது அமிலம், அதாவது ஆசிட் வகை. அது உலோகக் களிம்பைக் கரைக்கும், உப்புக் கறையைக் கரைக்கும். எண்ணெயை ஒன்றும் செய்யாது. சாம்பலில் இருப்பது காரம். காரம் எண்ணெயோடு சேர்ந்தால் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். சோப்புக் கம்பெனியிலும் இதே வேலைதான் நடக்கிறது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துத்தான் சோப்பு செய்கிறார்கள்.

அடுப்படிச் சுவரில் இருப்பது எண்ணெய். அதற்குச் சாம்பல் வகைதான் தேவை. இன்றைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் வாஷிங் சோடா, அதாவது துணி துவைக்கிற சோடா, அந்தச் சாம்பலின் வேலையைச் செய்கிறது. ஆப்பத்துக்குப் போடும் சோடா வேறு. அதற்கு இவ்வளவு வீரியம் கிடையாது.

டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமென்ட். சிமென்ட்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆசிட் பட்டதும் நுரைக்கிறதே, அது அழுக்கு கரைவதால் வரும் நுரை இல்லை, இடுக்குச் சிமென்ட் கரைவதால் வருவது. கரைந்த பள்ளத்தில் மறுபடி எண்ணெய் இறங்கும், கரப்பான் முட்டையிடும். எவர்சில்வர் தொட்டியில் ஆசிட் பட்டால் அதுவும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோம் இல்லையா? எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் கெட்டியாகி வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரிலும் அதேதான் நடக்கிறது. கல்லுக்கு நல்லது, சுவருக்குக் கேடு. பழைய பிசுக்கு ஒரே தேய்ப்பில் போகாததற்குக் காரணம் இதுதான். அதற்குச் சூடும், காரமும், ஊறுவதற்கு நேரமும் வேண்டும். கை பலம் கடைசியில்தான்.

உயிருக்கு ஆபத்தான சேர்க்கை

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரலில், முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டு ஈப்பர் என்ற ஊருக்குப் பக்கத்தில் எதிரிப் படையைக் கொல்வதற்கு ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அதை ஜன்னல் இல்லாத அடுப்படிக்குள் நாமே உண்டாக்கிக்கொள்ளலாமா?

கக்கூஸ் கழுவுகிற திரவங்கள் பெரும்பாலானவற்றிலும் ஆசிட் இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா இருக்கிறது. அதுவும் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. மொத்தத்தில் எதோடும் எதையும் கலக்காதீர்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ஆசிட்டைக் கடையில் சும்மா எடுத்துக் கொடுக்கவும் கூடாது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் விற்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவே கூடாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது.

நெடி அடித்தால் சாமானைப் பார்க்காதீர்கள், ஆளை வெளியே காற்றோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கண்ணில் எது தெறித்தாலும் ஓடுகிற தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலை செய்யும் முறை

1. தயாரிப்பு: அடுப்பு ஆறியிருக்க வேண்டும். கேஸ் வால்வை மூடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, வெளியிலிருந்து தனி விளக்குக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுங்கள். சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் வெளியே. கதவு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ரப்பர் கிளவுஸ், கண் கண்ணாடி, வழுக்காத செருப்பு இல்லாமல் யாரும் உள்ளே போக வேண்டாம்.

2. சுரண்டுதல்: கெட்டியான பிசுக்கைத் தண்ணீர் படுவதற்கு முன்பே பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டி, பழைய பேப்பரில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் தள்ளினால் உள்ளே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். கம்பி நார் வேண்டாம். டைல்ஸ் கீறிவிடும், கீறலில் அழுக்கு ஏறும்.

3. ஊற வைத்தல்: 10 லிட்டர் சூடான தண்ணீருக்கு 250 கிராம் வாஷிங் சோடா, அதோடு கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தெறித்தால் வெந்துவிடும். சுவரில் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். மேலிருந்து தடவினால் வழிகிற தண்ணீர் கோடு கோடாகக் கறை போடும். பிறகு பழைய வேட்டித் துணியை அதே தண்ணீரில் நனைத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஊறட்டும். காய விடக் கூடாது.

4. தேய்த்தல்: டைல்ஸை நைலான் நாரால் தேயுங்கள். இடுக்கைச் சின்னப் பிரஷ்ஷால் இடுக்கு போகும் திசையிலேயே தேயுங்கள். போகாத இடத்தில் மறுபடி துணி ஒட்டி ஊற வையுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகலாம். பலத்தைக் காட்டித் தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. அலசுதல்: அழுக்குத் தண்ணீரை இடுக்கிலேயே நிற்க விட்டால் அது காய்ந்து மறுபடி கறுப்பாகும். மேலிருந்து கீழாக நல்ல தண்ணீர் விட்டு அலசி, வைப்பரால் தள்ளி, துணியால் ஒற்றி எடுங்கள். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். தரையை எல்லாவற்றுக்கும் கடைசியில், உள்ளேயிருந்து வாசலைப் பார்த்துக் கழுவிக்கொண்டே வாருங்கள்.

6. கிருமி நீக்கம்: பிசுக்கு போன பிறகுதான் பிளீச்சிங் பவுடர். பிசுக்கு மேல் போட்டால் வீண். 10 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 2 தேக்கரண்டி கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துத் துடையுங்கள். 10 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள்.

அலுமினியச் சாமானிலும் அலுமினியப் புகைவடிகட்டியிலும் வாஷிங் சோடா படக் கூடாது, கறுத்துப் போகும். அதற்குச் சூடான தண்ணீரும் பாத்திரத் திரவமும் போதும்.

போர் தண்ணீர் புழங்கும் இடத்தில் குழாய்ப் பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அங்கேதான் புளிக்கு வேலை. எலுமிச்சம்பழச் சாறோ தண்ணீர் கலந்த வினிகரோ போதும். இடுக்கை முதலில் நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டு, டைல்ஸ் மேல் மட்டும் தடவி உடனே கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்கு இதைச் செய்யாதீர்கள்.

இடுக்குச் சிமென்ட் ஏற்கெனவே அரித்துப் பள்ளமாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் சரியாகாது. "இது கொத்தனார் வேலை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் இறங்காத எபாக்ஸி கிரவுட் வைப்பது நல்லது, விலை கூடுதல்.

கூலி பேசுவது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு விதிகளில், உணவு தயாரிக்கும் இடத்தின் தரையும் சுவரும் நல்ல நிலையில், சுலபமாகச் சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அடுப்படியைச் சுத்தமாக வைப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. அந்தக் கடமையை முடித்துக் கொடுக்கிறவர்கள் நாம். தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

கணக்கை எழுதிக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, 5 பேர், 2 ராத்திரி, ஒருவருக்கு ஒரு ராத்திரிக்கு 700 ரூபாய் என்றால் கூலி 7,000 ரூபாய். சோடா, பிரஷ், கிளவுஸ் 1,200. ஆட்டோ 600. மொத்தம் 8,800. குழு நிதிக்கு 10 சதவீதம் 880 சேர்த்தால் 9,680 ரூபாய். பாதியை முன்பணமாக வாங்குங்கள். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "ஆசிட் போட மாட்டோம்" என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

அடுத்த வேலையில் நடந்தது

ஒரு மாதம் கழித்து இன்னொரு ஓட்டலில் கூப்பிட்டார்கள். மூச்சடைத்து விழுந்த அதே அக்காதான் முன்னால் போய்ப் பேசினார். "ஆசிட் ஊத்தாம எப்படிம்மா போகும்?" என்றார் முதலாளி. அக்கா வாதாடவில்லை. அடுப்புக்குப் பின்னால் ஒரு சதுர அடி இடத்தில் சோடாத் தண்ணீர்த் துணியை ஒட்டினார். "இருபது நிமிசம் இருங்கண்ணே, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். துணியை எடுத்துத் தேய்த்ததும் பழுப்புச் சுவரின் நடுவில் வெள்ளை டைல்ஸ் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கூலியைச் சொன்னார். இரண்டு ராத்திரி வேலை. இடுக்கு அரிக்கவில்லை, யாரும் இருமவில்லை, பேசிய கூலி முழுசாக வந்தது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

• நம் வீட்டில் லேபிள் இல்லாத பாட்டில் எத்தனை இருக்கிறது? குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா?
• எந்த இரண்டைச் சேர்க்கக் கூடாது? ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
• நம் பகுதியில் இந்த வேலைக்கு என்ன கூலி கேட்கலாம்? மேலே சொன்னபடி கணக்குப் போட்டு நோட்டில் எழுதுங்கள்.
• வேலைக்குப் போகும் குழுவுக்கு கிளவுஸ், கண் கண்ணாடி வாங்கக் குழு நிதியிலிருந்து எடுக்கலாமா? தீர்மானம் போடுங்கள்.

கூலி இன்றைக்குக் குறைந்தால் நாளைக்குச் சம்பாதிக்கலாம். மூச்சை அப்படிச் சம்பாதிக்க முடியாது. இந்தப் பாடத்தை எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.